சவுக்குப் பக்கம் திரும்பியது

சனிக்கிழமைகளில் பியாட்ரிஸுக்கு மொட்டைமாடியில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். மிளகாய் காய வைப்பாள், ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவாள், ஒன்றும் இல்லாவிட்டால் காய்ந்த துணியையே மறுபடி உதறிப் போடுவாள். விமானம் பார்க்கத்தான் போகிறாய் என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிக் கடலோரமாக வரும் அந்தச் சின்ன மஞ்சள் விமானம், சாந்தோம் கோயில் கோபுரத்துக்குக் கிழக்கே வந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். உள்ளே இருப்பது அவள் மகன் பிலிப். சாய்ந்தால் வீட்டைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். பதிலுக்கு அவள் கையை ஆட்டியதில்லை. விமானம் தெற்கே அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டிப் புள்ளியாகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "போதும், வீடு வந்து சேருடா" என்று முணுமுணுத்தபடி மிளகாயைப் பரப்புவாள்.

யுத்த காலத்தில் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது கடற்கரையில் நின்று பட்டாளத்து விமானங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்து பிலிப்புக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக உட்கார்ந்த பிறகும் அது விடவில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சங்கத்தில் சேர அப்பாவின் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றார்கள். பவுல்சாமி வாத்தியார் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். மகன் கேட்டு எதையும் மறுத்ததில்லை. பியாட்ரிஸ் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "வேண்டாங்க, எனக்குப் பிடிக்கல" என்று சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அது போன வருஷம். இப்போது பிலிப் தனியாகவே ஓட்ட ஆரம்பித்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கடல் மேல் பனி மூட்டம் இருந்தது. மாசி மாதம். எட்டு மணிக்கு மேல் வெயில் வந்து பனியைக் கலைத்தது. மீன்காரி பச்சையம்மா கூடையோடு கொல்லைப்புறமாக வந்து குரல் கொடுத்தாள்.

"இன்னா ஐரினு, அம்மா எங்க? மேலயா? அடடா, சனிக்கெயமல்ல இன்னிக்கு? மறந்தே பூட்டேன் பாரு."

பிலிப்பின் அக்கா ஐரின் சிரித்துக்கொண்டே மேலே பார்த்தாள். பியாட்ரிஸ் படியிறங்கி வந்தாள்.

"வாயை மூடிட்டு மீனைக் காட்டு பச்சையம்மா."

"கெயங்கா கீது, சங்கரா கீது. தம்பிக்கு சங்கராதானே புடிக்கும்? எட்த்துக்கோ."

"கண்ணு வெளுத்திருக்கே."

"ஐயே, மீனுக்குக் கண்ணு வெளுத்துக்கீதா, உனுக்கு வெளுத்துக்கீதா? இப்பத்தான் கட்டுமரம் ஏறங்கிச்சு. செவுளத் தொறந்து பாரு, ரத்தம் ஆறல."

இருவருக்கும் இது தினமும் நடக்கிற பேச்சு. சாந்தோம் குப்பத்திலிருந்து பச்சையம்மா இந்தக் கொல்லைப்புறத்துக்கு வர ஆரம்பித்தபோது பிலிப் தவழ்ந்துகொண்டிருந்தான். கூடையில் கையை விட்டு இறால் மீசையைப் பிடித்து இழுப்பான். அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது எங்கிருந்தோ வேப்பிலை கொண்டுவந்து நிலைப்படியில் செருகியவள் அவள்தான். 'எங்க கோயில்ல இதெல்லாம் கிடையாது' என்று பியாட்ரிஸ் சொன்னபோது, 'உங்க சாமி கோச்சுக்காது, எங்காத்தாதான் கோச்சுக்குவா' என்றாள்.

"உன் பொண்ணு கெங்கம்மா எப்படி இருக்கா? குழந்தை குடிக்குதா?"

"நல்லாக் குடிக்குது. மாமியாக்காரி வூட்டுக்கு, கொட்டிவாக்கத்துக்கு இட்டுக்கினு பூட்டாங்க. அங்க இப்ப பெரியவலை ஓடிக்கினு கீது. ஊரே கடக்கரையிலதான். கைப்புள்ளய இடுப்புல வெச்சிக்கினு இவளும் புருசனுக்குக் கூழு தூக்கிக்கினு போறாளாம். சொன்னா கேக்கறாளா? நாளைக்கிப் போயிப் பாக்கணும்."

பியாட்ரிஸ் சங்கராவையே எடுத்துக்கொண்டாள். மீனை ஆய்ந்து, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, மாங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. கையைக்கூடக் கழுவாமல் படியேறினாள். மஞ்சள் விமானம் கோபுரத்துக்குக் கிழக்கே சாய்ந்தது, நிமிர்ந்தது, தெற்கே போயிற்று.

வழக்கமாக அது திரும்பி வருகிற நேரத்தில் குழம்பு கொதித்து இறக்கியாகிவிட்டது. அவள் ஒரு தடவை மாடிக்குப் போய் வந்தாள். பிறகு இன்னொரு தடவை. "வேற வழியா போயிருப்பான்மா" என்றாள் ஐரின். மத்தியானம் வாசலில் ஒரு கார் நின்றது. சங்கத்திலிருந்து இரண்டு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தத் தொப்பிகளைப் பார்த்ததுமே பியாட்ரிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டிவாக்கத்துக்கு அப்போது ரோடு கிடையாது. திருவான்மியூர் கோயிலோடு பாதை முடிந்துவிடும். அதற்குத் தெற்கே மணல், தாழம்புதர், கண்ணுக்கெட்டிய தூரம் சவுக்குத் தோப்பு, நடுவில் நாலு பனைமரம். மீன் பிடிக்கிற சனங்களையும் சவுக்கு வெட்டுகிறவர்களையும் தவிர அந்தப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை. அங்கே தோப்புக்குள் விமானம் விழுந்து கிடந்தது. குப்பத்து ஆண்கள் பிலிப்பைக் கயிற்றுக்கட்டிலில் வைத்து, மணலில் கால் புதையப் புதைய, தோள் மாற்றி மாற்றித் திருவான்மியூர் வரைக்கும் சுமந்து வந்தார்கள். அங்கிருந்து கார்.

மறுநாள் பூசைக்குப் பிறகு அடக்கம். கோயில் நிறையக் கூட்டம். கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வந்து, வாசலில் கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்த இடத்தில் நின்று, பியாட்ரிஸ் புருஷனைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னாள்:

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

பவுல்சாமி குனிந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை.

வீட்டு வேலை எதுவும் நிற்கவில்லை. அவள் விடியலில் எழுந்து வாசல் தெளித்தாள், காப்பி போட்டாள், வாத்தியாருக்குத் தட்டில் சோறு வைத்தாள். சோறு வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். குழம்பு வேண்டுமா என்று ஐரினை அனுப்பிக் கேட்பாள். அவரும் ஐரினிடமே பதில் சொல்லுவார். தவக்காலம் தொடங்கியிருந்தது. இறைச்சி விலக்குகிற வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மீன் வாசம் வரும். இந்த வீட்டில் வெறும் பருப்பும் கீரையும். பவுல்சாமி பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தார். அவர் வகுப்புக்குள் நுழைந்தால் பிள்ளைகள் சத்தம் போடாமல் இருந்தார்கள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

மயிலாப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த பியாட்ரிஸின் தங்கை வெரோனிகா துணைக்கு வந்து தங்கினாள். நல்ல மனசுக்காரி. நாக்கு மட்டும் நிற்காது.

"அக்கா, வெளியில என்ன பேசிக்கறாங்க தெரியுமா? நான் சொல்லலைன்னா வேற யாராவது சொல்லத்தான் போறாங்க."

"என்ன பேசறாங்க?"

"பையன் ரொம்பத் தாழ்வா இறக்கி விளையாட்டுக் காட்டினானாம். கரையில இருந்த பொம்பளைங்க தலைக்கு மேல பறந்து பயமுறுத்தினானாம். அப்படித்தான் மரத்துல இடிச்சிருப்பான்னு அந்தச் சங்கத்துல ஒருத்தரே சொன்னாராம். வயசுக் கோளாறு, என்ன பண்றது."

ஐரின் சித்தியின் கையைப் பிடித்து அழுத்தினாள். பியாட்ரிஸ் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. அவளுக்கு மாடியில் நின்று பார்த்த அந்தச் சாய்வு ஞாபகத்துக்கு வந்தது. தனக்கு முன்னால் விளையாட்டுக் காட்டியவன் அங்கேயும் காட்டியிருப்பான். தான் மாடிக்கு ஏறாமல் இருந்திருந்தால் அவனுக்கு அந்தப் பழக்கமே வந்திருக்காதோ என்று தோன்றியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் ஐரினிடம் கேட்டாள்:

"எல்லாரும் வந்தாங்க. பால்காரன் வந்தான், துணி வெளுக்கிறவ வந்து அழுதுட்டுப் போனா. பச்சையம்மா வரல, பார்த்தியா?"

"உடம்பு சரியில்லையோ என்னமோம்மா."

"இல்ல. லஸ் பக்கம் கூடையோட போறதை வெரோனிகா பார்த்திருக்கா. நம்ம சந்துக்கு மட்டும் வர்றதில்ல." சற்று நேரம் கழித்து, "இவ்வளவு வருஷம் மீன் வாங்கியிருக்கேன். இருக்கியா செத்தியான்னு கேக்க ஒரு தடவை வரக் கூடாதா?" என்றாள்.

பச்சையம்மா வந்தது பங்குனி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. கூடை இல்லை. வெறும் தலையோடு அவளைப் பார்க்க வேற்று மனுஷி மாதிரி இருந்தது. கொல்லைக் கிணற்றடியில் வந்து நின்றாள். பியாட்ரிஸ் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அம்மா, நான் வரக்கூடாதுன்னுதான் இருந்தேன்." பச்சையம்மா கீழே உட்கார்ந்தாள். "வந்தா சொல்லணும். சொல்ற தெகிரியம் இல்ல. ஆனா தெருவுல தம்பியப் பத்தி இன்னா இன்னாவோ பேசிக்கினு கீறாங்க. தாய்வா எறக்கி ஜாலம் காட்டுச்சாம். கேட்டுக்கினு மீன் வித்துக்கினு வூட்டுக்குப் போனா சோறு எறங்கல. மெய்யாலும் அது பொய்யிம்மா. எம் பொண்ணு கண்ணால பாத்துக்கீறா."

முறம் நின்றது. உள்ளேயிருந்து ஐரினும் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"கெங்கம்மாவா?"

"அவதான். அவ, அவ புருசன் குப்பன், அந்த ஊரு மொத்தமும். பெரியவலை கரையேறிக்கினு இருந்த நேரம். ரெண்டு கவுத்துலயும் சனம். ஆம்பள பொம்பள அல்லாரும் வலையப் பாத்துக்கினு இய்க்கறாங்க. பிளேனு வடக்கால இருந்து வந்துச்சாம். சத்தமே இல்லியாம். மிசினு நின்னு பூட்ச்சு. எறங்கறதுக்கு அங்க மணலைத் தவிர நீளமா தரை ஏதும்மா? அங்கதான் எறங்க வந்துச்சு தம்பி. நேரா வந்துச்சு. வந்தா நடுவுல சனம். இன்னும் கொஞ்சம் வந்திருந்தா வாரிக்கினு போயிருக்கும். அப்பத்தான் படக்குன்னு சவுக்குப் பக்கம் திரும்பிச்சாம்."

கிணற்றடி வாழையில் ஒரு காக்கை உட்கார்ந்து கத்தியது. ஐரின் அதை விரட்டக்கூட இல்லை.

"உன் பொண்ணு எங்க இருந்தா?" என்றாள் பியாட்ரிஸ்.

பச்சையம்மா தரையைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல?"

"நேரா எதுர்ல. கவுத்துக்கு நடுவுல மணல்ல குந்திக்கினு புள்ளைக்குப் பால் குட்த்துக்கினு இருந்தா."

"அப்போ உன் பொண்ணு இருக்கா. பேரப்புள்ள இருக்கு. என் புள்ள இல்ல."

"ஆமாம்மா."

"இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"ஆமாம்மா. இத்தச் சொல்லாம உன் வாசல்ல வந்து எப்டி மீனு விக்கறது? எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உங்கிட்ட வெல பேசறது?"

"போயிடு பச்சையம்மா."

"அம்மா..."

"போன்னு சொல்றேன். போ."

பச்சையம்மா எழுந்து, முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு, வந்த வழியே போனாள். பியாட்ரிஸ் மறுபடி முறத்தை எடுத்தாள். அரிசியும் நொய்யும் சேர்ந்தே தரையில் விழுந்தன.

சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அப்பாவிடம் ஐரின் எல்லாவற்றையும் சொன்னாள். சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. மகன் செத்ததிலிருந்து யாரும் பார்க்க அவர் அழுததில்லை. இப்போது வாயைத் திறந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"நான் அவனைக் கெட்டுப்போக விட்டுட்டேன்னு நினைச்சேன் ஐரின். விளையாட்டுத்தனமா செத்துட்டான்னு நினைச்சேன். இல்ல பார். அவ்வளவு பேரைக் காப்பாத்தியிருக்கான்."

அடுக்களையிலிருந்து பியாட்ரிஸ் வந்தாள். இத்தனை நாள் கழித்து அவரிடம் பேசினாள்.

"உங்களுக்கு ஆறுதலா இருக்கும். இருக்கட்டும். எனக்கு இல்ல. விளையாடிச் செத்தான்னா, போறாத நேரம், அவ்வளவுதான்னு விட்டிருப்பேன். இப்ப என்ன சொல்றீங்க? பிழைக்க வழி இருந்திருக்கு. இருந்தும் வேண்டாம்னு திரும்பியிருக்கான். முகம் தெரியாத சனம் அவனுக்குப் பெரிசாப் போச்சு. இங்க ஒருத்தி மாடியில நின்னுட்டிருப்பாள்னு நினைக்கலையே?"

"பியாட்ரிஸ், அதை யோசிக்க அவனுக்கு நேரம் எங்க இருந்திருக்கும்?"

"நேரம் இல்லாமலே அவங்களை நினைச்சானே!"

அவள் அடுக்களைக்குத் திரும்பிப் போய் விளக்கை ஏற்றினாள். மூவரும் அன்று செபம் சொல்ல உட்கார்ந்தார்கள். பாதியில் அவள் குரல் மட்டும் காணாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பவுல்சாமி கொட்டிவாக்கத்துக்குப் போய் வருவதாக ஐரினிடம் சொன்னார். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், சுமந்து வந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்றார். குடையை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது பியாட்ரிஸ் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். கறுப்புப் புடவை. ஐரினும் கூடவே கிளம்பினாள்.

அடையாற்றுப் பாலம் தாண்டித் திருவான்மியூர் வரைக்கும் ஜட்கா வண்டி. அதற்கு மேல் குதிரை மணலில் இழுக்காது என்று வண்டிக்காரன் நிறுத்திவிட்டான். நடந்தார்கள். பங்குனி வெயில், காலை என்று பார்க்கவில்லை. தாழம்புதரைச் சுற்றிச் சுற்றிப் போகிற ஒற்றையடித் தடம். இடது பக்கம் கடல் ஓயாமல் சத்தம் போட்டது. ஒவ்வொரு அடிக்கும் கால் பின்னுக்கு வழுக்கியது. இந்த மணலில்தான் அவனைத் தோளில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று மூன்று பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள்.

குப்பத்தில் பத்திருபது கீற்றுக் குடிசைகள். கருவாடு காய்கிற வாசம் முதலில் வந்தது. அவர்கள் யாரென்று யாரும் கேட்கவில்லை, கறுப்புப் புடவையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஒரு குடிசையிலிருந்து பச்சையம்மாவே எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வந்திருந்தாள். பியாட்ரிஸைக் கண்டதும் வெளியே வரத் தயங்கி நின்றுவிட்டாள். அவள் மருமகன் குப்பன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். முப்பது வயது இருக்கும். உப்பு பூத்த கறுத்த உடம்பு.

"வாங்கய்யா. வாம்மா. எம்மாந் தொலவு நடந்து வந்துக்கீறீங்க. ஆளு வுட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

"இடத்தைப் பார்க்கணும்ப்பா," என்றார் பவுல்சாமி.

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் நாலைந்து மரங்கள் இடுப்பளவில் முறிந்து கிடந்தன. முறிந்த இடத்தில் பட்டை காய்ந்து சுருண்டிருந்தது. விமானத்தை அதிகாரிகள் மாட்டுவண்டி வைத்து எடுத்துப்போய்விட்டார்கள். எண்ணெய் சிந்திய மணல் மட்டும் கறுப்பாக இருந்தது. ஒரு முறிந்த மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்றும் அகல் விளக்கும் இருந்தன. குப்பன் அதைக் கண்டு கூச்சப்பட்டான்.

"பொம்பளைங்க வெளக்கு வெக்கறாங்கய்யா. உங்க கோயிலுக்கு ஆவாதுன்னா சொல்லுங்க, எட்த்துடறோம்."

"இருக்கட்டும்," என்றார் பவுல்சாமி. குனிந்து அந்தக் கறுத்த மணலைத் தொட்டார்.

பியாட்ரிஸ் கேட்டாள்: "கடல்ல இறக்கியிருக்கலாமே? தண்ணியிலே விழுந்தா பிழைச்சிருப்பானே?"

"அங்கயும் ஆளும்மா. வலை கரை சேர்றப்ப அதும் பின்னால கட்டுமரம் வரும். என் தம்பியும் இன்னும் மூணு பேரும் கட்டுமரத்துல நின்னுக்கினு இருந்தாங்க. கெயக்கால கடலு, நடுவுல நாங்க, மேக்கால தோப்பு. தோப்பு ஒண்ணுதான் காலியா இருந்திச்சி."

"நீ போகும்போது உயிர் இருந்துதா?"

"இருந்துச்சும்மா. கொஞ்ச நேரம்."

"என்ன சொன்னான்?"

குப்பன் மாமியார் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு பியாட்ரிஸைப் பார்த்தே சொன்னான்.

"உனுக்குப் பொய் சொல்ல மாட்டேம்மா. ஒண்ணும் சொல்லல. நாங்க பிளேனு மேல போத்தியிருந்த துணிய கிழிச்சி வெளிய எட்த்தோம். என் மடியிலதான் தல இருந்துச்சு. மூச்சு மட்டும் வந்து வந்து போச்சு. அப்பறம் வரல. கை சூடா இருந்துச்சு, அத்தப் புடிச்சிக்கினே இருந்தேன். மூஞ்சியில மணலு ஒட்டிக்கினு இருந்துச்சு, தொடச்சி வுட்டேன். அவ்ளோதாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்கு எப்படியோ உதவியாக இருந்தது. தோப்பை விட்டு வெளியே வந்து மணலில் இறங்கி நடந்தாள். சற்றுத் தூரத்தில் அன்றைக்கும் பெரியவலை வளைத்திருந்தார்கள். இரண்டு வரிசையாகச் சனம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே குரலில் ஏதோ சொல்லிச் சொல்லி இழுத்தது. கயிற்றின் கடைசிக்கு வந்தவர்கள் அதை விட்டுவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு ஓடிப்போய் முன்னால் பிடித்தார்கள். வலையைத் தவிர வேறு எதையும் அவர்கள் பார்க்கவில்லை. பியாட்ரிஸ் அங்கேயே மணலில் உட்கார்ந்தாள். ஐரின் குடையைப் பிடித்தாள்.

ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடும் கையில் சொம்போடும் வந்து தயங்கி நின்றாள். கெங்கம்மா. கல்யாணத்துக்கு முன்பு அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு சாந்தோம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அப்போது ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு இருந்தாள்.

"மோர்த்தண்ணிம்மா. குடி."

பியாட்ரிஸ் சொம்பை வாங்கவில்லை. குழந்தையைப் பார்த்தாள். ஆண் குழந்தை. எண்ணெய் வைத்த தலை, கழுத்தில் கறுப்புக் கயிறு. கடலைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இங்கதான் உட்கார்ந்திருந்தியா?"

"இன்னும் கொஞ்சம் அப்பால."

"பார்த்தவுடனே எழுந்து ஓட வேண்டியதுதானே? ஏன் ஓடல? கண்ணு இல்ல?"

கெங்கம்மாவின் முகம் கோணிற்று. "நான் மொதல்ல பாக்கலம்மா. புள்ள பால் குட்ச்சிக்கினு இருந்துச்சு, குனிஞ்சிக்கினு இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமுந்தேன்."

"மிசின் நின்னுபோச்சுன்னு சொன்னாங்களே. என்ன சத்தம்?"

"தம்பி கத்துனாரு."

பவுல்சாமி கிட்டே வந்தார். பச்சையம்மா குடிசைப் பக்கமிருந்து மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தவள் அங்கேயே நின்றாள்.

"கத்தினானா?" என்றாள் பியாட்ரிஸ். "அவ்வளவு உயரத்திலிருந்து கத்தினா உனக்கு எப்படிக் கேட்கும்?"

"ஒசரத்துல இல்லம்மா அப்ப. பனமரம் ஒசரம்தான். மேல மூடி இல்லாத பிளேனு. தலைய வெளிய நீட்டிக்கினு, ஒரு கைய இப்டி இப்டி ஆட்டிக்கினு கத்துனாரு. கவுறு இய்க்கறவங்களுக்கு அவங்க சத்தத்துல அது கேக்கல. எனுக்குத்தான் கேட்டுச்சு. எனுக்குத் தெரியும்மா, என்னியப் பாத்துதான் கத்துனாரு. அது யாரு கொரலுன்னு அப்பத் தெரியல. அப்பறம் மூஞ்சியப் பாத்தப்பதான், நம்ம வாத்தியாரு வூட்டுத் தம்பின்னு..." அவளால் முடிக்க முடியவில்லை. "எந்திரிக்கப் பாத்தேம்மா. மடியில புள்ள. காலு மரத்துக்கினு இருந்துச்சு. எந்திரிக்க முடியல."

"என்ன சொல்லிக் கத்தினான்?"

"எழுந்திரும்மா, எழுந்திருன்னு."

வலை இழுக்கிறவர்களின் குரல் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. 'எழுந்திரும்மா' என்பது பிலிப் வீட்டில் பேசுகிற பேச்சு. ஐரினைக் கூப்பிட்டாலும், பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டாலும் 'வாம்மா, போம்மா' என்றுதான் சொல்லுவான்.

"எப்படிக் கத்தினான்?" என்றாள்.

"அதான் சொன்னேனேம்மா..."

"சொன்னே. அப்படி இல்ல. அவன் கத்தின மாதிரியே கத்திக் காட்டு."

கெங்கம்மா பயந்துபோய்த் தன் அம்மாவைப் பார்த்தாள், குப்பனைப் பார்த்தாள். "வேணாம்மா," என்றாள் ஐரின். பவுல்சாமியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பியாட்ரிஸ் யாரையும் கவனிக்கவில்லை.

"அவன் குரலைக் கடைசியாக் கேட்டவ நீ. எனக்குத் தெரியணும். கத்து."

குப்பன் குழந்தையை வாங்கிக்கொண்டான். கெங்கம்மா சொம்பைக் கீழே வைத்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, நாலு எட்டுப் பின்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு ஒரு கையை உயர்த்தி ஆட்டியபடி, கழுத்து நரம்பு புடைக்க, கடல் சத்தத்துக்கும் மேலே கத்தினாள்.

"எழுந்திரும்மா! எழுந்திரு! எழுந்திரு!"

அது அவள் குரலாகவே இல்லை. எல்லாச் சத்தத்தையும் அறுத்துக்கொண்டு வந்தது. கயிற்றில் இருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். இந்தத் தடவை அவர்களுக்குக் கேட்டது. சிலர் கயிற்றை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். இழுத்த வலை கொஞ்சம் கடலுக்குள் பின்வாங்கிற்று.

பியாட்ரிஸ் எழுந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை. மணலில் ஒரு கையை ஊன்றி, ஒரு முழங்காலை நிமிர்த்தி, மறு காலையும் இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். நின்ற பிறகுதான் தான் எழுந்துவிட்டதே அவளுக்குத் தெரிந்தது. கறுப்புப் புடவையில் ஒட்டியிருந்த மணல் உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பவுல்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் அசையாமல் நின்றார்.

கெங்கம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பச்சையம்மா ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டாள். தாயும் மகளும் அழுவதைப் பியாட்ரிஸ் பார்த்தபடி நின்றாள். அப்பால் சனம் மறுபடி கயிற்றைப் பிடித்தது. குப்பன் கையிலிருந்த குழந்தை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிணுங்கத் தொடங்கியது.

"ஏன்டி கெங்கம்மா," என்றாள் பியாட்ரிஸ். கொல்லைப்புறத்தில் மீனுக்கு விலை பேசுகிற அதே அதட்டல்தான். "இந்த வெயில்ல பச்சைப் புள்ளையை எவளாவது வெளியில வெச்சிருப்பாளா? தலை காயுது பார். நிழலுக்குக் கொண்டுபோ."